பூரிக் கடற்கரையில் எடுத்த படம்

இருட்டறைக் கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"தீதி! அழுகின முட்டை நாத்தம் மாடி வரைக்கும் வருது. உள்ள ஜாமாய்பாபுவையா வேகவைக்கிற?"

கமலினி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து தங்கை சுதாமயியை உள்ளே விட்டாள். பவானிபூரில் அவர்களுடைய ஸ்டூடியோவில், கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பழுப்பு நிறம் ஏற்றுவது கமலினியின் வேலை. படம் எடுப்பதும் நெகடிவைத் திருத்துவதும் அவள் கணவன் நிபாரண்; சுதாமயிக்கு அவன் ஜாமாய்பாபு, அதாவது அக்காள் கணவன்.

இன்றைய படம் அவனுடையது. கமலினி டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் பிழைக்க வேண்டிக்கொண்டு அவன் தனியாகப் பூரி ஜகந்நாதரிடம் போயிருந்தான். கடற்கரையில் அவன் மட்டும் நிற்கும் அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது அவள் ஆசை.

வெளுப்புக் கரைசலில் படம் வழக்கம்போல் மறைந்து, வெறும் தாளாயிற்று. அதை அலசி, நாற்றமடிக்கும் சல்பைடு தட்டில் போட்டாள். கடல் பழுப்பாகத் திரும்பி வந்தது. நிபாரண் வந்தான். பிறகு அவன் தோளில் வளையல் போட்ட ஒரு கை வந்தது. கையைத் தொடர்ந்து ஈரப் புடவையில் ஒரு பெண் வந்தாள். சற்று முன்பு அந்த இடத்தில் மணல்தான் இருந்தது.

நாற்றம் பொறுக்காமல் நிபாரணும் வந்து எட்டிப் பார்த்தான், பார்த்தபடியே நின்றுவிட்டான்.

கமலினி தட்டை மெல்ல ஆட்டினாள். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் தெளியவில்லை.

அதற்குள் சுதாமயி கத்திவிட்டாள்.

"ஜாமாய்பாபு, நெகடிவ்லயே என்னைச் சுரண்டி எடுத்துட்டேன்னு சொன்னீங்களே!"