மேலேயே தங்கிவிட்டவன்

அந்தக் குட்டி ராக்கெட்டுக்கு ஒரே ஓர் இறக்கை. பற்றவைத்தால் சுழன்று சுழன்று மேலே ஏறும். இறக்கைக்கு எதிர்ப்பக்கம் எடையைச் சரிக்கட்ட ஒரு களிமண் உருண்டையை ஒட்டியிருந்தார்கள். பேச்செல்லாம் இறக்கையுடையது; களிமண் கேட்டுக்கொண்டிருக்கும்.

அன்று நடுக்குழாயில் வெடிமருந்து அடைத்த புதுக்குப்பி ஒன்றைச் செருகினார்கள்.

"என்னக்கா, உள்ளே ஒரே கரியா இருக்கு? எனக்கு முன்னாடி யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டது குப்பி.

"இருந்தான். மேலே போனதும் அவனுக்கு இடம் பிடிச்சுப்போச்சு, அங்கேயே தங்கிட்டான்," என்றது இறக்கை, கொஞ்சமும் கூசாமல்.

களிமண்ணுக்கு உண்மை தொண்டை வரை வந்தது. நேற்று தன்னோடு சுழன்றவன் எரிந்து தீர்ந்ததும், பிடுங்கி வேலியோரப் புல்லில் எறிந்ததை அது பார்த்திருந்தது. சொல்லிவிடலாம்தான். ஆனால் குப்பி முரண்டு பிடித்தால் ராக்கெட் பறக்காது. பறக்காத ராக்கெட்டில் களிமண்ணுக்கு என்ன வேலை? சுரண்டிப் போட்டுவிடுவார்கள்.

திரி பற்றிக்கொண்டது. அப்போதுதான் குப்பியின் பார்வை வேலிப்பக்கம் போனது.

"அண்ணே, அங்கே என்னை மாதிரியே ஒருத்தன் கிடக்கிறானே, யாரு அது?"

களிமண் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"ஏதோ குப்பை, தம்பி," என்றது.