சுவர் பார்த்த கண்ணாடி

அந்தத் தேக்கு நிலைக்கண்ணாடி கோமதியின் மாமியாருக்குச் சீராக வந்தது. அந்த வீட்டில் புருஷன் செத்தால் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார்கள். அடுத்த மருமகள் வரும்போது மறுபடி திருப்பி அவளுக்குக் கொடுப்பார்கள். மாமியாருக்குப் பிறகு கோமதி, கோமதிக்குப் பிறகு வடிவு. வடிவின் முறையும் சீக்கிரமே முடிந்துவிட்டது.

இன்று வடிவின் கொழுந்தனுக்குக் கல்யாணம். வீட்டில் வேறு ஆளில்லை.

"ஒரு கை பிடி தாயி, பொண்ணு வந்திரும்" என்றாள் கோமதி.

இருவரும் திருப்பினார்கள். கோமதி கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள். வடிவு முன்னால் நின்று சட்டத்தைத் தாங்கிக்கொண்டாள். ஒரு கால் உளுத்திருந்தது, விட்டால் சாய்ந்துவிடும். கண்ணாடி ஓரத்தில் அவள் எப்போதோ ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு முகம். அது தன்னுடையது என்று புரியக் கொஞ்ச நேரமானது.

"தள்ளி நில்லு தாயி. அதுல மொதல்ல புதுப்பொண்ணு முகந்தான் தெரியணும்."

"சரி அத்தை" என்றாள் வடிவு. "நீங்க இங்க வந்து பிடிங்க."

கோமதி இரண்டடி நகர்ந்தாள். சட்டத்தின் ஓரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அவள் நெற்றியும் வெறுமையாகத்தான் இருந்தது.

வாசலில் குலவை கேட்டது.