சீட்டைக் கிழிச்சாச்சு

“அந்தச் சீட்டை இன்னும் எத்தனை நாளைக்கு மடியில வெச்சுக் கொஞ்சப் போறீங்க, மேடம்?”

மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர் கேட்டதும் மீட்டிங் அறையே சிரித்தது. மேனேஜர் சிரித்தார், அதனால் மற்றவர்களும் சிரித்தார்கள் என்பதுதான் சரி.

டெஸ்டருக்கு அது போதும். சேர்ந்து பதினோரு மாதம் ஆகியும் வேலை நிரந்தரமாகவில்லை. எப்படியாவது மேனேஜர் கண்ணில் பட வேண்டும். உழைத்துக் கண்ணில் படுவதற்கு நாளாகும். அடுத்தவரைக் கிண்டலடித்தால் ஐந்தே நிமிடம்.

சீட்டு வேறொன்றுமில்லை. அந்தக் கம்பெனி தயாரிப்பது டேட்டாபேஸ் மென்பொருள். தகவல் இருக்கும் ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றினால், பழைய இடத்தில் ‘இங்கே இல்லை, அங்கே போய்ப் பார்’ என்று வழிகாட்ட ஒரு லிங்க் வேண்டும். லினக்ஸ் கம்ப்யூட்டர் அதைத் தானே செய்துகொள்ளும். விண்டோஸ் அந்தக் காலத்தில் செய்யாது. அதனால் சீனியர் புரோகிராமரான மேடம் ஒரு குட்டி ஃபைலில் புது விலாசத்தை எழுதி, பழைய இடத்தில் வைக்கும்படி புரோகிராம் எழுதினார். வீடு மாறிப் போகிறவர்கள் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போவதில்லையா, அதேதான். பெயரும் சீட்டு என்றே நிலைத்துவிட்டது.

இப்போது விண்டோஸும் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு பல வருடம் ஆகிறது. சீட்டுக்கு வேலையே இல்லை. ஆயிரத்து எண்ணூறு வரி புரோகிராம் சும்மா கிடக்கிறது.

“தேவையில்லைன்னு எனக்கும் தெரியும்,” என்றார் மேடம். “நானே எடுத்துடறேன். ஒரு மாசம் மட்டும் பொறுங்க.”

“எதுக்கு ஒரு மாசம்?” என்றார் மேனேஜர்.

“காரணம் இருக்கு சார். அப்புறமா உங்ககிட்ட தனியா சொல்றேன்.”

“என்ன பெரிய காரணம்?” டெஸ்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். “காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கையால எழுதினது, விட மனசு வரல. அதான் சார்.”

மறுபடி சிரிப்பு. மேடம் நோட்டை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

“இல்லாத வேலையை இருக்கற மாதிரி காட்டி நாற்காலியைத் தேச்சுக்கிட்டிருந்தா, கம்பெனி எப்படி சார் உருப்படும்?” அவன் விடுவதாக இல்லை. “எங்கிட்ட கொடுங்க சார். அரை நாள் வேலை. இன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடறேன்!”

“சபாஷ்! இந்த வேகம்தான் வேணும்,” என்றார் மேனேஜர். மேடம் வாய் திறப்பதற்குள் அடுத்த மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

சொன்னபடி சாயங்காலத்துக்குள் முடித்தான். ஒரு வரியையும் படித்துப் பார்க்கவில்லை. ‘சீட்டு’ என்ற பெயர் எந்த ஃபைலில் எல்லாம் தென்பட்டதோ, அத்தனையையும் தேடித் தேடி அழித்தான். வீட்டுக்குப் போகும் வழியிலேயே மனைவிக்கு போன் போட்டான். “மேனேஜர் சபாஷ்னு சொல்லிட்டாரு. இந்த மாசமே நிரந்தரம் ஆயிடும் பாரு!”

மறுநாள் காலை வழக்கம்போல ஒரு பட்டனைத் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனான். அவன் வேலை அவ்வளவுதான். பட்டனைத் தட்டினால் முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகள் தானாக ஓடும். திரும்பி வந்து பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து, ‘எல்லாம் பச்சை’ என்று மெயில் போட வேண்டும். அந்தச் சோதனைகள் எதைச் சோதிக்கின்றன என்று பதினோரு மாதத்தில் ஒருநாளாவது திறந்து பார்த்திருப்பானா? அதற்கெல்லாம் அவனுக்கு ஏது நேரம்!

பச்சை எரிந்தது. மெயில் போட்டான். மூன்றாம் நாளும் போட்டான். நான்காம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். தலையை வாரிக்கொண்டு போனான்.

“இன்னைக்கு எத்தனை டெஸ்ட் ஓடிச்சு?”

“முந்நூத்திப் பன்னிரண்டு சார். எல்லாம் பச்சை.”

மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஓடிய சோதனைகள்: பூஜ்யம். தோல்வி: பூஜ்யம். தோல்வியே இல்லாததால் பச்சை.

“அந்த முந்நூத்திப் பன்னிரண்டும் சீட்டைச் சோதிக்கத்தான்யா இருந்துச்சு. எல்லாத்தையும் நீயே அழிச்சிட்டே. இனிமே இங்க டெஸ்டர் எதுக்குன்னு கேட்டு மேலிடத்துல இன்னைக்குக் காலைல உன் இடத்தையே மூடிட்டாங்க.”

“பழையபடி கொண்டு வந்துடலாம் சார்.”

“தேவையில்லாததுன்னு நீதானே அவ்வளவு பேசினே?”

“வேற டீம்லயாவது ஒரு இடம் பாருங்க சார். வீட்ல நிரந்தரம் ஆயிடும்னு சொல்லிட்டேன்.”

“இப்ப சொல்லி என்ன பிரயோஜனம்? முன்னாடியே யாராவது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...” பேசிக்கொண்டே மேனேஜர் தன் மெயில் பெட்டியைத் துழாவினார். மீட்டிங் நடந்த அன்று வந்த மெயில் ஒன்று, இன்னும் திறக்காமலே கிடந்தது. திறந்தார். படித்தார். திரையை அவன் பக்கம் நகர்த்தினார்.

மேடம் எழுதியிருந்தார்:

‘சார், சீட்டை எடுத்தால் டெஸ்டரின் வேலை போய்விடும். என் டீமில் அவருக்கு நிரந்தர இடம் கேட்டிருக்கிறேன். அனுமதி வர ஒரு மாதம் ஆகுமாம், அதுவரை சீட்டு இருக்கட்டும். இது அவருக்குத் தெரிய வேண்டாம். பாவம், கூச்சப்படுவார்.’