ஒரு கோல்கூட விடாதவன்

செகண்ட் டிவிஷன் சீசன் முழுக்க ஒரு கோல்கூட விடாத கோல்கீப்பர் என்று டெர்வினின் படம் தீவிலுள்ள ஷாதிபூர் பகுதிக் கடைகளிலெல்லாம் தொங்கியது. அவனை ஒப்பந்தம் செய்ய மெயின்லேண்டிலிருந்து ஒரு கிளப் மேனேஜரே கப்பலேறி வந்துவிட்டார். வாங்கப்போகும் பைக்கின் நிறம்வரை டெர்வின் முடிவு செய்திருந்தான்.

"பத்துப் பந்து அடிக்கச் சொல்றேன். பிடிங்க தம்பி," என்றார் மேனேஜர்.

பத்தும் வலைக்குள் போய் விழுந்தன.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சீசன் பூரா எப்படிப்பா கோல் விடாம இருந்தே?"

"மேட்ச் நடந்தாத்தானே சார் கோல் விழும்? ஹட் பே டீம், கமோர்ட்டா டீம், எல்லாம் வேற வேற தீவு, கப்பல்லதான் வரணும். எங்க மேட்ச் அன்னைக்கெல்லாம் மௌசம் கராப், காத்தும் மழையும், கப்பல் கேன்சல். வராத டீம் தோத்ததா அர்த்தம்."

"எல்லா மேட்சுக்குமா? தேதி போட்டது யாரு?"

"எங்க கிளப் செக்ரட்டரி கிளாரா. என் வீட்டுக்காரிதான் சார். மீன்பிடிக் குடும்பம், காத்தைப் பார்த்துத்தான் தேதியே கேட்டு வாங்குவா."

"எங்க ஊருக்கு டீமெல்லாம் ரயில்லதான் வரும். ரயில் ஓடாத நாளையும் உங்க வீட்டம்மா பார்த்துச் சொல்வாங்களா?" என்று கேட்டபடியே மேனேஜர் ஒப்பந்தத்தில் டெர்வின் பெயரை அடித்துவிட்டு, கிளாரா என்று எழுதினார்.

அடுத்த கப்பலில் கிளாரா கிளம்பினாள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெட்டிவரை போன டெர்வின், கப்பல் ஏணியில் அதையும் நழுவவிட்டான்.