பதினாலாம் வளைவு

பக்கிரிசாமிக்கு முதலில் கெடுதல் செய்தவன் வில்லியம். மற்றவர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இருபத்தாறு வருஷமாகியும் அவர் மனதில் அந்த வரிசை மாறவே இல்லை. இன்று காலை வண்டி பதினாலாம் வளைவில் நின்றபோதும் அவன் முகம்தான் முதலில் வந்தது.

“மறுபடியும் நின்னுடுச்சா அங்கிள்?” மடியில் கணினியோடு பின்சீட்டிலிருந்து ராகினி கேட்டாள்.

“நின்னுடுச்சும்மா. சொல்லி வச்ச மாதிரி.”

மலேசியாவின் நிபோங் திபாலில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தின் கடைசி மூலை. மழை, முழங்கால் சேறு, போனுக்கு லைன் கிடையாது. டிரைவர் இல்லாமல் தானே ஓடும் வண்டியைச் சோதித்துப் பார்க்க இதைவிட மோசமான பாதை கிடைக்காது என்றுதான் ராகினியின் கம்பெனி இங்கே வந்திருந்தது.

பக்கிரிசாமியின் வேலை, ஸ்டியரிங் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அமுக்குவது. சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது.

ஸ்டியரிங் தானாகத் திரும்பும். மழைப் புகைக்குள் மரங்கள் ஒவ்வொன்றாக வந்து, ஒவ்வொன்றாகக் கரைந்து போகும். யாரோ காணும் கனவுக்குள் தான் போய் உட்கார்ந்த மாதிரி இருக்கும் அவருக்கு. இந்த வளைவு வந்ததும் அது கலைந்துவிடும்.

“எந்த மடையன் இதுக்கு ஓட்டக் கத்துக் கொடுத்தான்? ரோட்டுல ஈ காக்கா இல்ல, நிக்குது பாரு!”

“யாரும் பாடம் எடுக்கல அங்கிள். ஒரு டிரைவர் மூணு மாசம் இந்தப் பாதையில ஓட்டினார். அவர் ஓட்டறதப் பாத்துப் பாத்து வண்டி தானா கத்துக்கிச்சு.”

“ரொம்ப நல்லாக் கத்துக்கிச்சுலா!”

சரியாக ஒரு நிமிஷம். பிறகு ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்பியது.

ராகினி சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழமை ஹெட் ஆபீஸ்ல இருந்து வராங்க. அவங்க முன்னால இப்படி நின்னா டெஸ்டையே மூடிடுவாங்க. கேமராவத் தொடச்சாச்சு, தொங்குற ஓலையெல்லாம் வெட்டியாச்சு. அங்க அப்படி என்னதான் இருக்கோ!”

“கால்வாய் இருக்கு. என் லாரி விழுந்த கால்வாய்.”

“உங்க லாரியா?”

“இதே தோட்டத்துல பழம் ஏத்துன லாரி. பிரேக் பிடிக்கலன்னு மொத நாளே சொன்னேன். ஒர்க்‌ஷாப்புல இருந்த வில்லியம், ‘நாளைக்குப் பாக்கலாம்லா’ன்னான். மறுநாள் மழை. வளைவுல லாரி நிக்கல. எனக்குக் கால் முறிஞ்சுது. மானேஜர் வந்து கேட்டா, அந்த வில்லியம் என்ன சொன்னான் தெரியுமா? ‘பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு, ஆள்தான் குடிச்சிருந்தான்’னான். நானு! ஆத்தா மேல சத்தியம், ஒரு சொட்டு தொட்டதில்ல. வேலை போச்சு, தோட்டத்து வீடு போச்சு. பாலத்தத் தாண்டித் தீவுல, சுங்கை பினாங்ல ஒரு ஃபிளாட்டுல போய் முடங்கினோம். என் பொண்டாட்டியே ஒரு மாசம் என் வாய மோந்து மோந்து பாத்தா.”

ராகினியின் விரல்கள் கணினி மேல் நின்றுவிட்டன.

“எந்த வில்லியம் அங்கிள்?”

“பாகான் டாலாம்ல இருக்கானே, அவன்தான். ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுல மொத பெஞ்சு அவனுக்குத்தானாம். பெரிய பக்தன்!”

அவள் தோட்டத்துக் கொட்டகையில் வண்டி போய் ஒதுங்கும்வரை எதையோ தேடிக்கொண்டே இருந்தாள். பிறகு கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

“மொதல்ல மூணு மாசம் ஓட்டின டிரைவர் இவர்தான். கண் ஆபரேஷன்னு போன மாசம் நின்னுட்டார். நான் இத்தன நாளும் ரோட்டத்தான் பாத்துக்கிட்டிருந்தேன் அங்கிள். ஆளைப் பாக்கவே இல்ல.”

வண்டிக்குள் இருந்த கேமரா எடுத்த வீடியோ. அதே வளைவு. ஸ்டியரிங் முன்னால் தலை நரைத்த ஒரு மனிதர். வில்லியம்.

வண்டியை நிறுத்துகிறான். தொப்பியைக் கழற்றுகிறான். கால்வாயைப் பார்த்தபடியே நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போடுகிறான். உதடு அசைகிறது. ஒரு நிமிஷம் கழித்துத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான்.

“என்னைக்கு எடுத்தது இது?”

“எல்லா நாளும் இப்படித்தான். மொத்தம் முந்நூத்திப் பன்னண்டு டிரிப். ஒண்ணுலகூட நிக்காமப் போகல. வண்டி அத இந்த ரோட்டோட சட்டம்னு நெனச்சுக்கிச்சு.”

“என்ன சொல்றான்?”

“சத்தம் பதியல அங்கிள்.”

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பக்கிரிசாமி இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். அந்த உதட்டையே பார்த்தார்.

“முந்நூத்திப் பன்னண்டு தடவ இங்க நின்னவனுக்கு, ஒரு தடவ பாலத்தத் தாண்டி வந்து என் கதவத் தட்டத் தெரியல, பாத்தியா?”

“இந்த ஒரு நிமிஷத்த அழிச்சிடட்டுமா அங்கிள்? அழிச்சா அப்புறம் நிக்காது.”

“இன்னைக்குப் புதன்தானே? நாளைக்கு ஒரு நாள் இருக்கட்டும்.” அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “ஆபீஸ் போனதும் அவனுக்கு ஒரு போன் போடு. வண்டி பதினாலாம் வளைவுல நிக்குது, நாளைக்கு வந்து பாருங்கன்னு மட்டும் சொல்லு. நான் இருக்கேன்னு சொல்லாத.”

“அதான் தினமும் மன்னிப்புக் கேட்டிருக்காரே அங்கிள், இன்னும் என்ன?”

பக்கிரிசாமி கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

“வண்டி என்கிட்ட கேட்டுடுச்சும்மா. அவன் இன்னும் கேக்கல.”