மூன்று சீசா

விருதுநகரில் குல்சார் பேகமும் மகன் சாபிரும் பங்காக மிளகாய் மண்டி நடத்தினார்கள். தாயை மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்து வந்திருந்தான் சாபிர். மனைவி தஹ்மீனாவும் உடன் இருந்தாள்.

“அம்மாவுக்கு மறதி முத்திப்போச்சு டாக்டர். என் பேரே சமயத்துல மறந்துருதாக” என்று கண்கலங்கினான்.

டாக்டர் மூன்று சீசாக்களை நீட்டினார். “மறதி நோயில சில பேருக்கு முதல்ல வாசனைதான் தெரியாமப் போகும். மோந்து பார்த்துச் சொல்லுங்கம்மா.”

“கிராம்பு, காப்பித்தூள், இது மல்லிகை” என்றாள் குல்சார் பேகம்.

“சும்மா அடிச்சு விடுறாக!” சாபிர் சீசாக்களை வாங்கி ஒவ்வொன்றாக முகர்ந்தான். “எல்லாமே வெறும் சீசா டாக்டர்.”

டாக்டரின் முகம் மாறியது.

“சளி பிடிச்சிருக்கா?”

“இல்லியே.”

“அம்மா நல்லாத்தான் இருக்காங்க. உங்களுக்குத்தான் ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும்.”

சாபிர் சீசாக்களை மறுபடியும் முகர்ந்து பார்த்தான். குல்சார் பேகம் மகனின் தலையைத் தடவிக்கொடுத்தாள். தஹ்மீனா செல்போனுடன் வராந்தாவுக்குப் போனாள்.

“வக்கீல் சார், மாமி பங்கை எங்க கைக்கு மாத்த, அவுகளுக்குப் புத்தி சரியில்லைன்னு மனு எழுதச் சொன்னோம்ல? அதுல மாமி பேரை அடிச்சிட்டு இவுக பேரைப் போட்டுருங்க.”