ஆறு பாட்டுக்கு ஒரே தாளம்

ஞாயிறு மாலை நாலேகால் மணி. வீட்டுக்காரர் ஸ்ரீநிவாசராகவன் வழக்கம்போல் கதவை இடித்துத் திறக்கவைத்து, பிரிட்டோவின் ஸ்டுடியோவுக்குள் வந்தார்.

“ராஜகீழ்ப்பாக்கம் பூரா இதுதான் கேட்குது. ஆறு பேர் பாட்டு, ஆறுக்கும் ஒரே தாளம். வேற தெரியாதா?”

“டான்ஸ்ஹால் சார், ஜமைக்கா பாட்டு வகை. ரிடிம்னு ஒரு தாளம் போட்டா, அது மேலேயே ஆளுக்கொரு பாட்டு பாடுவாங்க. அதான் வழக்கம்.”

“டம், டடம், டம்! இதைப் போட்ட மடையனுக்கு லயம்னா என்னன்னே தெரியாது. நான் நாற்பது வருஷமா கச்சேரி கேட்கறவன். நாளைக்கே வீட்டைக் காலி பண்ணு.”

பிரிட்டோ பாட்டை நிறுத்திவிட்டு, தாளத்துக்காக முதலில் பதிவு செய்த ஒலியை மட்டும் ஓடவிட்டான். டம், டடம், டம். அதன் முடிவில் ஸ்ரீநிவாசராகவனின் குரலே கத்தியது: “கதவைத் திறய்யா!”

“போன மாசம் நீங்க தட்டினது சார். ஆறு பாட்டுலயும் தாளம்னு உங்க பேரைப் போட்டுடவா?”